முதலை முதுகில் வாத்துக்குஞ்சு

சைகோன்
12 ஜூன் 1955

அன்புள்ள அக்காவுக்கு,

ரோசைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போன மதார் பீவி நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அடித்த தந்தி கிடைத்தது. ‘பிள்ளை சுகம், பெரியம்மாளிடம் ஒப்படைத்தேன்’ என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஏப்ரல் கடைசியில் இங்கே நடந்ததை நீயும் அத்தானும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அரசுப் படைக்கும் ‘பின் சுயென்’ என்கிற ஆயுதக் கும்பலுக்கும் நடுத்தெருவில் சண்டை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடிசைகள் தெருத்தெருவாக எரிந்தன. எங்கள் வீட்டுச் சுவரில்கூட இரண்டு குண்டு இறங்கியிருக்கிறது. என்னைக் கட்டின மார்செல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போய் வடக்கே டோங்கினில் செத்து நாலு வருஷம் ஆகிறது. இருக்கிற ஒரு பிள்ளையையும் சுவரோடு சேர்த்து நிறுத்தி வைக்க எனக்குத் துணிவு இல்லை. அதனால்தான் உன்னிடம் அனுப்பினேன். இரண்டு மூன்று மாதம்தான். செப்டம்பரில் மதார் பீவி இங்கே திரும்பி வருகிறாள், அவளோடு ரோசை அனுப்பிவிடு.

என் வேலை என்னவென்று எத்தனை முறை சொன்னாலும் நீ ஊரில் ‘புஸ்தகக் கடை’ என்றுதான் சொல்கிறாயாம். கடை இல்லை அக்கா, சிறுவர் வாசகசாலை. இங்கே எதையும் விற்பதில்லை. வக்கான்ஸ் விடுமுறை ஆரம்பித்துவிட்டதால் இப்போது காலை முதல் கூட்டம். கோடை என்று பெயர்தான், மதியம் திரும்பினால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். காலையில் வருகிற பிள்ளைகள் வாசிக்க வருகிறவர்கள். மழைக்கு முன்னால் ஓடிவருகிறவர்கள் நனையாமல் இருக்க வருகிறவர்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைத்தான் பிடிக்கும். மழை விடும்வரை அவர்களால் எங்கேயும் போக முடியாது.

மரச்செருப்பை வாசலில் விட வேண்டும். தொட்டியில் கை கழுவி, கழுவின கையை என் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். மாங்காயும் மிளகாய் உப்பும் வாசனை வந்தால் மறுபடி தொட்டிக்குத்தான். பிறகு, எவன் யாருடைய முதுகில் ஈரத்துண்டைப் போட்டான் என்ற வழக்குகளைத் தீர்ப்பேன். அப்புறம் கதை. இருக்கிற புத்தகம் எல்லாம் பிரெஞ்சு, வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால் நான் வியட்நாமியில் வாயால் சொல்வேன், சில சமயம் சொந்தமாகக் கட்டிவிட்டும் சொல்வேன்.

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. மழை விட்டு மணி அடித்ததும் கதையை அப்படியே நிறுத்திவிடுவேன். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சாமர்த்தியம். சரியான இடத்தில் நிறுத்தினால், மறுநாள் வானம் வெளுத்திருந்தாலும் அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்கள்.

ரோசிடமும் அதைத்தான் செய்தேன். கப்பல் ஏறும் வரிசையில் அவள் அழ ஆரம்பித்தாள். ஒரு கதை சொன்னேன். ஒரு அம்மாள் படகில் வாத்து மேய்க்கிறாள். படகு போன பிறகு ஒரு குஞ்சு மட்டும் பின்தங்கிவிடுகிறது. ஆற்றில் கிடந்த மரக்கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கட்டை நகர்கிறது. பார்த்தால் அது முதலை. நடு ஆற்றுக்கு வந்ததும் முதலை மூச்சை இழுத்து முழுகப் பார்க்கிறது. அங்கே நிறுத்தினேன். ‘மீதி நீ திரும்பி வந்ததும்’ என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினாள். எப்படி?

அத்தானுக்கு என் வணக்கம்.

மாதலேன்

*

சேசு மரி சூசை காக்க

காரைக்கால்
24 ஜூன் 1955

மாதலேன்,

காகிதத்தின் தலையில் ஒரு சிலுவைகூடப் போடாமல் எழுதப் பழகிவிட்டாய். அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. போகட்டும்.

உன் மகள் சுகம் என்று நான் எழுதமாட்டேன், பொய் சொல்ல வராது. ரசத்தைப் பார்த்து ‘நுவோக் மாம் எங்கே?’ என்கிறாள். அது மீனைப் புளிக்கவைத்த தண்ணீர் என்று தெரிந்ததும் உன் அத்தான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். அதற்கும் அழுதாள். தமிழ் பேசினால் பாதிதான் புரிகிறது. நான் பேசுகிற பிரெஞ்சைக் கேட்டு அவள் முழிக்கிறாள். வீட்டில் மூன்று பேரும் கையைக் காட்டிக்கொண்டு ஊமைகள்போல இருக்கிறோம்.

இதெல்லாம் சரியாகிவிடும். சரியாகாதது நீ சொல்லி அனுப்பிய கதை. கண்ணில் படுகிறவர்களிடம் எல்லாம் ‘முதலை முழுகிச்சா?’ என்று கேட்கிறாள். பால்காரனிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவரிடமும் ‘சாமி, முதலை முழுகிச்சா?’ என்றாள். அவர் யோனாசும் திமிங்கிலமும் என்று ஆரம்பித்தார். இது அது இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சிரிக்காதே. பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் குனிந்து அடியில் பார்க்கிறாள். தூங்கினால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கதையின் முடிவை எழுதி அனுப்பு. ஒரு வரி போதும். ஆனமட்டும் சீக்கிரம் அனுப்பு.

நீயும் இங்கே வந்துவிடேன். பிரெஞ்சுக் கொடி மாறிவிட்டதே தவிர, வீடு அதேதான். உனக்கு ஒரு அறை இல்லாமலா போகும்?

ஜெனேவியேவ்

*

சைகோன்
4 ஜூலை 1955

அன்புள்ள அக்கா,

முடிவை எழுதமாட்டேன்.

கோபப்படாமல் கேள். ரோஸ் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறாள் என்றால் அவள் மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஏழு வயசுப் பிள்ளைக்கு ஊர் மறக்க எத்தனை நாள் ஆகும்? உன் வீட்டில் முற்றம் இருக்கிறது, ஆட்டுக்குட்டி இருக்கிறது, பக்கத்து வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். சைகோனில் அவளுக்கு என்ன இருக்கிறது? நானும் மீதிக் கதையும்தான். அதையும் நீ சொல்லிவிட்டால் அவள் எதற்குத் திரும்பி வருவாள்? என் கையில் இருக்கிற ஒரே கயிறு அது. அதை அறுக்கச் சொல்லாதே.

அங்கே வரச் சொல்கிறாய். வந்தால் நான் யார்? செத்துப்போன சொல்தாவின் பெண்சாதி. உன் அடுப்படியில் ஒரு மூலை. நீ அன்பாகத்தான் கூப்பிடுகிறாய், தெரியும். ஆனால் இங்கே நான் தெருவில் நடந்தால் பிள்ளைகள் ‘கோ! கோ!’ என்று கத்திக்கொண்டு பின்னால் வருகிறார்கள். கோ என்றால் டீச்சர், அத்தை எல்லாம் சேர்த்து. அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

வேலை மலைபோல் கிடக்கிறது. மழைக்காலம் வந்தால் புத்தகத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும், பூஞ்சை வரும். கிழிந்ததை ஒட்ட மைதாப் பசையில் துத்தம் கலந்து காய்ச்சுகிறேன், இல்லாவிட்டால் கரப்பான் பசையோடு பக்கத்தையும் தின்றுவிடும். பழைய பிரெஞ்சுத் துரை கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த வியட்நாமிய அதிகாரி, பாதிப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார். எவை போக வேண்டும் என்பதை என்னையே பொறுக்கச் சொன்னார். பனியில் சறுக்குகிற பிள்ளைகள் கதை எல்லாம் போகட்டும் என்று வைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. பனி என்றால் ஐஸ் வண்டிக்காரன் கொட்டிவிட்டுப் போவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அந்தக் கதைகள்மேல் அவ்வளவு ஆசை. திரும்ப அடுக்கிவிட்டேன்.

சண்டைக்கு முந்தின நாள் இந்த முதலைக் கதையை இங்கேயும் சொல்லி, இதே இடத்தில் நிறுத்தியிருந்தேன். மறுபடி கதவு திறந்தபோது கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. முகாமில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் வந்ததும் தொடரலாம் என்று அதை அப்படியே வைத்துவிட்டு வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரோசிடம் சொல்: மமான் செப்டம்பரில் மீதியைச் சொல்லுவாள்.

மாதலேன்

*

சேசு மரி சூசை காக்க

காரைக்கால்
15 ஜூலை 1955

மாதலேன்,

கயிறு என்று எழுதினாயே, அந்தக் கயிறு பிள்ளையின் கழுத்தில் கிடக்கிறது. அது உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘மமான் என்ன எழுதியிருக்கு?’ என்றாள். செப்டம்பரில் சொல்லுவாளாம் என்றேன். அவள் உள்ளே போய்ப் படுத்தாள். மறுநாள் காய்ச்சல். இரண்டு நாள் நெருப்பாய்க் கொதித்தது. வைத்தியர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். நோய் வயிற்றில் இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பிதற்றலில்கூட முதலைதான்.

கடைசியில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஈரத்துணியைப் போட்டுவிட்டு, ‘அடி பைத்தியமே, அது வாத்துடி! முதலை முழுகினா முழுகிட்டுப் போவுது. வாத்து மிதக்கும்ல?’ என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். இங்கே வந்து முதல் சிரிப்பு. உன் அத்தான் கூடத்திலிருந்து ஓடிவந்தார்.

நீ அத்தனை புத்தகம் படித்தவள், அந்தச் சாமியார் ரோமாபுரியில் படித்தவர், ஒருவருக்கும் வாத்து நீந்தும் என்று தோன்றவில்லை பார்.

அப்புறம் விடுவாளா? ‘முதலை தின்னாதா?’ என்றாள். முதலைக்குக் கழுத்து திரும்பாது, முதுகில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றேன். ‘அப்புறம்?’ என்றாள். குஞ்சு மிதந்து மிதந்து அக்கரைக்குப் போனது. அங்கே வேறொரு அம்மாள் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கூட்டத்தில் ஒரு குஞ்சு அதிகமாக இருந்தது. ‘இருந்துட்டுப் போ’ என்று அவள் தவிட்டைப் போட்டாள். இவ்வளவுதான் கதை. காய்ச்சல் அன்றைக்கே இறங்கியது. இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். அத்தான் வாத்து மாதிரி நடந்து காட்டினால் உருண்டு உருண்டு சிரிக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீயாகக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். அவளைக் கன்னியர் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை வீணாகிவிடும். தாயார் பெயர் கேட்டார்கள். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

ஜெனேவியேவ்

*

சைகோன்
24 ஜூலை 1955

மதாம் ஜெனேவியேவ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகளின் காய்ச்சலைத் தணித்ததற்கு நன்றி.

நான் சொன்ன கதையை முடிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குஞ்சை அக்கரையில் வேறொருத்தியின் கூட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். அந்த வேறொருத்தி யார் என்று எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா? என் கதையில் படகு திரும்பி வரும். படகுக்காரி ஆறு முழுக்கத் தேடி, குஞ்சைக் கண்டுபிடித்து மடியில் எடுத்துக்கொள்வாள். அதுதான் முடிவு. நான் பெற்ற பிள்ளைக்கு நான் வைத்திருந்த முடிவு.

பள்ளியில் பெயரை மாற்றிக் கொடுங்கள். இங்கே விடுமுறையில் கூட்டம் இருப்பதால் என்னால் இப்போது கிளம்ப முடியாது. கிளம்ப முடிந்தால் நானே வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

மாதலேன்

*

சேசு மரி சூசை காக்க

காரைக்கால்
2 ஆகஸ்ட் 1955

மாதலேன்,

என் இடுப்பில் உட்கார்ந்து மூக்கு ஒழுகினவள், என்னை நீங்கள் என்கிறாய். நன்றாக இரு.

நீ எழுதியதில் ஒன்று சரி. அந்த அக்கரைப் பொம்பளை நான்தான். சொல்லும்போது எனக்குத் தெரியாது, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக என் பிள்ளைகள் இரண்டு கிடக்கின்றன, பெயர்கூட வைக்காமல். இது உனக்குத் தெரியும். இருபது வருஷமாக இந்த வீட்டில் யாரும் எதையும் கொட்டிக் கவிழ்க்கவில்லை. இப்போது ஒருத்தி கவிழ்க்கிறாள். நான் கல் இல்லை.

பள்ளியில் சிஸ்டர் தாயார் பெயர் கேட்டபோது நான் திருடவேண்டும் என்று போகவில்லை. மாதாமாதம் தாயார் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கடல் தாண்டி இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் பெயர்தான் வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அம்மா, அம்மா என்று கத்துகிறார்கள். அதைக் கேட்டுப் போன வாரம் அவளும் கொல்லைப்பக்கத்திலிருந்து ‘அம்மா’ என்றாள். உன்னை அவள் மமான் என்கிறாள். அம்மா என்கிற சொல் சும்மாதான் கிடந்தது. அதை எனக்குக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். திருத்தவில்லை. இதற்கும் நீ சண்டை போடலாம்.

உன் பிள்ளையை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளுக்குக் கை முகர்ந்து பார்க்கிறாய். அவர்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் உனக்குத் தெரியுமா?

ஜெனேவியேவ்

*

சைகோன்
8 ஆகஸ்ட் 1955

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. வரும், அதில் நன்றாகத் திட்டியிருப்பாய். அதற்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் மழைக்கு முந்தி ஒரு பெண் வந்தாள். எட்டு வயசு இருக்கும், பெயர் லான். கை கழுவினாள், நீட்டினாள், ஆனால் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள். பார்த்த முகமாக இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது. சண்டைக்கு முன்பு அக்காளும் தங்கையும் சேர்ந்தே வருவார்கள். அக்காள் பெயர் மாய். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதி வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள்.

‘அக்கா எங்கே?’ என்று கேட்டுவிட்டேன். இந்த ஊரில் இந்த வருஷம் கேட்கக்கூடாத கேள்வி அது. தெரு எரிந்த அன்று மாய் வெளியே வரவில்லை என்று சொன்னாள். கடைக்குப் போகவில்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் வந்தது புத்தகத்துக்கு இல்லை. இவர்கள் வழக்கத்தில் இறந்து நூறாம் நாள் ஒரு படையல் உண்டு. அதோடு அழுகை நிற்க வேண்டும் என்பார்கள். அந்த நாள் நெருங்கிவிட்டது. ‘கோ, அக்காவுக்கு மீதிக் கதை தெரியாது. நான் போய்ச் சொல்லணும். முதலை முழுகிச்சா?’ என்று கேட்டாள்.

சண்டைக்கு முந்தின நாள் நான் மணி அடித்து நிறுத்திய கதை. மாய் அன்றைக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ‘ஒண்ணு மட்டும் சொல்லுங்க கோ’ என்று கெஞ்சினாள். ‘நாளைக்கு’ என்று அவள் மூக்கைக் கிள்ளி அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

லானை உட்காரவைத்தேன். என்னுடைய முடிவைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். படகு திரும்பியது, படகுக்காரி தேடினாள், அதுவரைக்கும் வந்தேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாளும்தான் அன்றைக்குத் திரும்பி ஓடித் தேடியிருப்பாள். என் முடிவை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் உன்னுடையதைச் சொன்னேன். முதலை முழுகியது, குஞ்சு மிதந்தது, அது வாத்துதானே. லானும் ரோஸ் மாதிரியே கொஞ்ச நேரம் யோசித்தாள். ‘ஆமா, வாத்துல்ல?’ என்றாள். அக்கரைக்குப் போனது, அங்கே ஒரு கூட்டம், ஒரு அம்மாள், ‘இருந்துட்டுப் போ’ என்றாள். நீ எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

‘பழைய படகுக்காரம்மாவுக்கு அது அங்க இருக்கறது தெரியுமா?’ என்று கேட்டாள்.

‘தெரியும்’ என்றேன்.

நூறாம் நாளன்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு புத்தர் கோயிலின் தாழ்வாரத்தில் தங்கியிருக்கிறார்கள். மாயின் படம் தீயில் போய்விட்டது, வெறும் பெயர் எழுதின காகிதத்துக்கு முன்னால் ஊதுவத்தி வைத்திருந்தார்கள். லான் கதை முழுவதையும் சொன்னாள். முதலைக்குக் கழுத்து திரும்பாது என்ற இடத்தில் அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் எந்தக் கதையையும் பாதியில் நிறுத்துவதில்லை. மழை விட்டாலும், மணி அடித்தாலும், முடித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். மறுநாள் கூட்டம் குறையவில்லை.

அக்கா, நான் கேவலமாக எழுதிவிட்டேன். ரோஸ் அங்கேயே இருக்கட்டும். பள்ளியில் பெயரையும் மாற்ற வேண்டாம். இங்கே அடுத்த சண்டை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே முற்றம் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போட நீ இருக்கிறாய். நான் இந்த வேலையை விட்டு வரமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அடுத்த வக்கான்சில் வந்து பார்க்கிறேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று காகிதம் வீணாயிற்று.

உன் மாதலேன்

*

சேசு மரி சூசை காக்க

காரைக்கால்
20 ஆகஸ்ட் 1955

மாதலேன்,

உன் கடிதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீயே விட்டுக்கொடுத்துவிட்டாய் என்றதும் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதே. சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து கைகழுவப் போய், கொல்லையில் நின்று கொஞ்சம் அழுதேன். அந்த மாய் என்கிற பிள்ளைக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் வேறு சாமி கும்பிட்டால் என்ன?

தங்கப்போகிறவளுக்கும் தெரியட்டும் என்று கடிதத்தை உன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். லான் கேட்ட இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

‘படகுக்காரிக்குத் தெரியுமா?’

‘தெரியும்னு மமான் சொல்லியிருக்கு’ என்றேன்.

‘தெரிஞ்சுமா வரல?’ என்றாள்.

வாத்து மிதக்கும் என்று சொல்லத் தெரிந்தது, இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அத்தானைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. சோற்றை ஒதுக்கிவிட்டுப் பெஞ்சிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது குனிந்து அடியில் பார்த்தாள்.

ராத்திரி, பிள்ளையை உன்னிடமே அனுப்பிவிடலாம் என்றேன். அங்கே சண்டை வந்தால் என்ன செய்வது என்று அத்தான் கேட்டார். சண்டை வந்தால் மறுபடி அனுப்புவாள், நான் வாங்கிக்கொள்வேன் என்றேன். அந்தக் கேள்வியோடு பிள்ளை இங்கே வளரக்கூடாது. அவள் வந்து உன்னைக் கேட்கட்டும், நீயே பதில் சொல். மதார் பீவி அடுத்த வாரம் கப்பலேறுகிறாள். ரோசுக்கும் சீட்டு வாங்கியாகிவிட்டது. செப்டம்பர் நடுவில் துறைமுகத்துக்கு வந்து நில். மழை, கூட்டம் என்று ஏதாவது சொல்லி வராமல் இருந்தால் நான் செத்தாலும் உன்னோடு பேசமாட்டேன்.

பள்ளிக்குப் போய் சிஸ்டரிடம் சொன்னேன். என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினார்கள். எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனுஷி.

சில விஷயங்கள் தெரிந்துகொள். இப்போது ரசம் சாப்பிடுகிறாள், சுண்டைக்காய் மட்டும் ஆகாது. தலையை எண்ணெய் வைக்காமல் சீவாதே, சிக்கு விழும். செருப்பு சின்னதாகிவிட்டது, புதிது வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் பெரிதாகவே. ஆட்டுக்குட்டியைக் கூட்டிவர முடியாது என்று சொல்லிவிட்டேன், உன்னிடமும் கேட்பாள், நீயும் முடியாது என்று சொல்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் அரைத்தூக்கத்தில் ‘அம்மா’ என்று கூப்பிடுவாள். உன்னை இல்லை, என்னைத்தான். ‘நான் மமான்’ என்று சொல்லிக்கொண்டு நிற்காதே. சத்தம் போடாமல் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள். கையை நீட்டித் துழாவுவாள், கையைக் கொடு. ஒன்றும் பேசாதே. பேசினால் குரல் வேறு என்று தெரிந்து முழித்துக்கொள்வாள்.

அக்காள்
ஜெனேவியேவ்